சைட் மாற்றும் கருவிகள்: காசு எதில் போடலாம், எதில் போடக் கூடாது

பிஸ்டலில் குறி பார்க்கும் உறுப்புதான் சைட்; குழல் முனையில் இருப்பது ஃப்ரன்ட் சைட், பின்னால் இருப்பது ரியர் சைட். அதைத் திருகால் தள்ளி நகர்த்தும் ‘சைட் புஷர்’ கருவியை ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் கிளாக் பிஸ்டலுக்கான கருவிகள். அமெரிக்கச் சந்தைக்கு அது சரி. நம் நாட்டில் அந்த பிஸ்டலின் வழக்கமான 9 மி.மீ. பாராபெல்லம் தடைசெய்யப்பட்ட ‘போர்’ (குழல் விட்டம்). சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவை என்று கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தமிழ் ஷூட்டர்கள் கையில் இருப்பவை ஏறத்தாழ மூன்று வகைதான்: 10 மீட்டர் ஏர் பிஸ்டல், கிளப்பின் .22 ஸ்போர்ட் பிஸ்டல், வீட்டு லைசென்ஸில் உள்ள .32 (இந்த எண்கள் அங்குலக் கணக்கில் போர்). இதில் முதல் இரண்டுக்கும் புஷரால் ஒரு பயனும் இல்லை. மூன்றாவதிலும் பாதிப் பேருக்குத்தான் உதவும். ஆனாலும் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் ஆர்டர் போடுவது அதைத்தான்.

எங்கள் கட்சி இது: அடிக்கிற கருவிக்குச் செலவழிப்பதைக் குறைத்து, பிடிக்கிற கருவிக்கும் அளக்கிற கருவிக்கும் செலவழியுங்கள். சைட் வேலையில் கெட்டுப்போகிற பிஸ்டல்கள் அதிகமும் சரியாகப் பிடிக்காததால்தான் கெடுகின்றன.

திருப்புளி

ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்டினி என்று எந்தப் போட்டி ஏர் பிஸ்டலை எடுத்தாலும் ரியர் சைட்டுக்குச் சுத்தியல் வேலை கிடையாது. மேல்-கீழுக்கு ஒரு திருகு, இட-வலத்துக்கு ஒரு திருகு. கிளப் .22-களும் அப்படித்தான். ஆகவே இவர்களுக்கு முக்கியக் கருவி ஒரு நல்ல திருப்புளி. அதில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்.

இந்தத் திருகுகளின் காடியில் இரண்டு சுவரும் நேராக இறங்கும். ஹார்டுவேர் கடையில் எடுக்கும் சாதாத் திருப்புளியின் முனையோ ஆப்பு மாதிரி சரிந்து கூராகும். அது காடியின் மேல் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அழுத்தித் திருகினால் சரிவில் ஏறி, விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வழுக்கும். போகிற போக்கில் சைட்டின் கறுப்புப் பூச்சில் ஒரு கீறலும் விழும். அந்தக் கீறல் வெயிலில் பளபளத்தால் குறி பார்க்கும்போது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

வேண்டியது ‘ஹாலோ கிரவுண்ட்’ முனை: கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இரு பக்கமும் இணையாகத் தீட்டப்பட்டது. அளவு தெரியாமல் வாங்கக் கூடாது. பைக் மெக்கானிக் டேப்பெட் வைக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜை எடுத்து, காடிக்குள் ஆடாமல் இறங்குகிற தகடு 0.5-ஆ 0.6-ஆ என்று பாருங்கள். அதே தடிமனுள்ள முனைதான் உங்கள் முனை. அகலம் திருகுத் தலையின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுற்றியுள்ள உலோகத்தைச் சுரண்டும். ஐம்பது பிட் கொண்ட பெட்டி ஒன்று வாங்குவதை விட, உங்கள் பிஸ்டலுக்குப் பொருந்துகிற இரண்டே திருப்புளி, சுழலும் தொப்பி வைத்த நகைப்பட்டறை வகை, போதும். ரேஞ்சுக்கு அது பையிலேயே போகட்டும்.

அலன் கீயில் ஒரு பொறி உண்டு. ஐரோப்பிய பிஸ்டல்கள் மில்லிமீட்டர் கணக்கு: 1.5, 2, 2.5, 3. நம் கடைகளில் அங்குல செட்டும் மில்லிமீட்டர் செட்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். 5/64 அங்குலம் என்றால் 1.98 மி.மீ.; 2-க்குள் போய் ஒழுங்காகவே திருகும், அதனால் நம்பிக்கை வந்துவிடும். அடுத்து 3/32-ஐ எடுப்பீர்கள். அது 2.38 மி.மீ.; 2.5 துளைக்குள் லூஸாக நிற்கும், ஒரே திருக்கில் ஆறு மூலையும் மழுங்கிவிடும். அங்குல செட்டைத் தனியாக எடுத்து வேறு அறையில் வையுங்கள். உருண்டைத் தலை வைத்த அலன் கீயால் இறுகிய திருகைக் கழற்றவும் வேண்டாம். அது ஏற்கெனவே தளர்ந்த திருகை வேகமாகச் சுற்றி எடுக்க மட்டுமே.

எந்தப் பக்கம் திருகுவது என்பதில் ஆண்டுக் கணக்காகச் சுடுகிறவர்களும் தடுமாறுகிறார்கள். ஜெர்மன் மொழி நாடுகளின் தயாரிப்புகள் பலவற்றில் திருகருகே H, T, L, R என்று நான்கு ரோமன் எழுத்துகள் இருக்கும். H என்பது ‘ஹோக்’, மேலே. T என்பது ‘டீஃப்’, கீழே. குண்டு மேலே போகிறதா, H பக்கம் திருகு என்பது அதன் பொருள். அப்போது குண்டு கீழே இறங்கும். அதாவது எழுத்து நோயைச் சொல்கிறது, மருந்தைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ‘அப்’ என்று பொறித்த பிஸ்டல்களில் பெரும்பாலும் நேர் எதிர்: அந்தப் பக்கம் திருகினால் குண்டு மேலே ஏறும். கிளப்பில் இரண்டு வகையும் இருந்தால் ஒவ்வொரு பெட்டி மூடியின் உள்பக்கமும் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, அம்புக்குறி போட்டு வைப்பது நல்லது.

திருகின் ஒரு கிளிக்குக்குக் குண்டு எவ்வளவு நகரும் என்று கையேட்டை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து குண்டு சுட்டு, பத்து கிளிக் திருகி, மறுபடி ஐந்து சுட்டு, இரண்டு கூட்டத்தின் நடுவுக்கும் இடைவெளி அளந்து பத்தால் வகுத்தால் கணக்கு முடிந்தது. ஏர் பிஸ்டல் இலக்கில் 10-இன் விட்டம் 11.5 மி.மீ.; அதன்பின் வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. சைட் ரேடியஸ், அதாவது முன் பின் சைட்டுகளின் இடைவெளி, 350 மி.மீ. என்றால் ரியர் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தாலே குண்டு 2.9 மி.மீ. போகும். ஒரு வளையம் முழுவதும் ரியர் சைட்டின் 0.28 மி.மீ. நகர்வுக்குள் அடங்கிவிடுகிறது. திருகில் ஆட்டம் இருக்கும் பிஸ்டல்களில் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துங்கள்: இரண்டு கிளிக் தாண்டிப் போய், இரண்டு கிளிக் திரும்பி வருவது. ஆட்டம் அதில் அடிபட்டுவிடும்.

புஷரா, பஞ்ச்சா

இனி .32. இதிலும் இரண்டு உண்டு. கான்பூர் .32 ரிவால்வர் வைத்திருப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அதன் சைட் நிலையானது. நகர்த்த ஒன்றும் இல்லை. குண்டு கீழே போகிறது என்று முன் சைட்டை அரத்தால் ராவச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ராவியதை ஒட்ட வைக்க முடியாது.

பழைய இறக்குமதி .32 பிஸ்டல்கள், வால்தர் பிபி வகை, கோல்ட் பாக்கெட் வகை போன்றவற்றில்தான் ரியர் சைட் டவ்டெயில் காடியில் (அடி அகன்று மேல் குறுகிய பள்ளத்தில்) குறுக்கே இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். இதை நகர்த்த வழி இரண்டு: ஸ்லைடை (பிஸ்டலின் மேல்பக்கம் முன்பின் நகரும் பாகத்தை) பிடித்துக்கொண்டு திருகால் தள்ளும் புஷர், அல்லது பித்தளை பஞ்ச்சும் (அடியைக் கடத்தும் சிறு கம்பி) சுத்தியலும்.

புஷரின் பலம், அது மெல்ல நகர்த்தும், நினைத்த இடத்தில் நிற்கும். தள்ளும் திருகின் மரை 1 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வு) என்றால் கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். 1.5 பிட்ச் உள்ளதை வாங்காதீர்கள். சிறிய பிஸ்டலில் அது முரட்டு வேகம். இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் குழாய் வைத்த சைட்டுக்கு புஷர்தான் முறை. உள்ளே இருப்பது சின்னஞ்சிறு கண்ணாடிக் குழாய்; சுத்தியல் அதிர்வில் உடையலாம்.

பலவீனம் எங்கே என்றால் பிடியில். ‘யூனிவர்சல்’ என்று விற்பவை அகலமான, பெட்டி மாதிரி நேர்ச்சுவர் உள்ள ஸ்லைடை மனதில் வைத்துச் செய்தவை. பழைய .32-களின் ஸ்லைடு ஒல்லி, மேல்பக்கம் வளைவு. அதை நான்கு திருகால் இறுக்கும்போது ஸ்லைடு கொஞ்சம் சாய்ந்து உட்காரும். சாய்ந்த நிலையில் தள்ளினால் தள்ளுகட்டை சைட்டின் அடியை விட்டு மேலே ஏறி, சைட்டின் காதை வளைக்கும். வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். தள்ளுகட்டை இரும்பாக இல்லாமல் பித்தளையா. அதன் முகத்தை உங்கள் சைட்டின் சரிவுக்கு ஏற்ப மாற்றிப் பொருத்த முடியுமா. பிடிக்கும் திருகுகளின் நுனியில் நைலான் தொப்பி இருக்கிறதா. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் காசுக்கு ஒரு நல்ல வைஸ் (மேசையில் பொருத்தும் பிடிப்பான்) வாங்குவது உத்தமம். நான்கைந்து ஒரே மாதிரி பிஸ்டல் வைத்திருக்கும் கிளப்புக்கு, அந்த மாடலுக்கென்றே செய்த புஷர் தகும். ஒரே ஒரு பிஸ்டல் வைத்திருக்கும் தனி ஆளுக்கு, ஆயுளில் இரண்டு முறை செய்யப்போகும் வேலைக்கு, தகாது.

பஞ்ச்சுக்கு வருவோம். இரும்பு பஞ்ச் கூடவே கூடாது. ஒரு தவறான அடிக்கு ஒரு சொட்டை. நைலான் கறைபடுத்தாது, ஆனால் அடியை விழுங்கித் துள்ளும். இறுகிய சைட் அசையாது. கடைசி ஒரு முடி நகர்த்துவதற்கு நைலான் நல்லது. அலுமினியம் சாம்பல் நிறத்தில் கோடு இழுக்கும். பித்தளைதான் நடுவழி: சைட்டை விட மெத்து, அடியைக் கடத்துகிற அளவுக்குக் கெட்டி. மஞ்சள் தடம் விழும். குழல் சுத்தம் செய்யும் செம்புக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். அடிக்க அடிக்க முனை காளான் மாதிரி விரியும். அப்படியே விட்டால் விரிந்த விளிம்பு ஸ்லைடைத் தேய்க்கும். ஒவ்வொரு வேலைக்கும் முன் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துச் சதுரமாக்கிக்கொள்ளுங்கள்.

இதை இணையத்தில் வாங்கத் தேவையே இல்லை. கோவையிலும் கஞ்சிக்கோட்டிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமா என்ன? “அண்ணா, பத்து எம்எம் பித்தளை ராடு, நாலு இன்ச் நீளம், ஒரு முனை நாலுக்கு ஆறு வர்ற மாதிரி சப்பையா, விளிம்புல பிசிறு எடுத்துக் குடுங்க” என்று சொன்னால் ஆயிற்று. அதே முறையில் ஆறு மி.மீ. ராடில் சிறியதாக ஒன்றும் செய்துகொள்ளுங்கள்.

சுத்தியல் 200 முதல் 250 கிராம். இதை விட இலேசானதை வைத்து இருபது தட்டு தட்டினால் பித்தளை விரியுமே தவிர சைட் நகராது. கனமானதில் அடி கையை மீறும்.

வைஸ்

நான்கு அங்குல பெஞ்ச் வைஸ், அசையாத மேசையில் போல்ட் போட்டு இறுக்கியது. மேசை ஆடினால் அடியின் பாதி மேசைக்குப் போய்விடும். தாடைக்கு ரப்பர் ஒட்டுகிறவர்கள் உண்டு; ரப்பர் துள்ளும், வேண்டாம். பலா மரத்திலோ தேக்கிலோ ஒரு அங்குலக் கட்டை இரண்டு, உள்முகத்தில் 3 மி.மீ. தோல். செருப்புக் கடையில் வெட்டித் தருவார்கள். ஸ்லைடின் வளைவுக்கு ஏற்பக் கட்டையைக் கொஞ்சம் குடைந்தால் பிடி பிரமாதமாக உட்காரும். டவ்டெயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் பிடியுங்கள். ஒன்று மட்டும்: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தோலும் மரமும் ஈரம் குடிக்கும். வேலை பாதியில் நிற்கிறதென்று ஸ்லைடை இரவெல்லாம் அதில் விட்டால் காலையில் தோல் பட்ட இடத்தில் துரு பூத்திருக்கும்.

வேலை நடக்கும் விதம்

மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டும் பாருங்கள். ஏர் பிஸ்டலானால் சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். தோட்டாவும் பெல்லட்டும் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். பிறகு ஸ்லைடைத் தனியாகக் கழற்றுங்கள். முழு பிஸ்டலை வைஸில் வைத்து அடிக்கக் கூடாது.

அடிக்கும் முன் சைட்டை உற்றுப் பாருங்கள். மேலே சின்னஞ்சிறு அலன் திருகு ஒன்று ஒளிந்திருக்கலாம். அதைத் தளர்த்தாமல் தள்ளினால் அதன் நுனி டவ்டெயிலின் தரையை உழுதுவிடும். அதன்பின் எந்த சைட்டும் அங்கே ஒழுங்காக நிற்காது. புஷர் வைத்திருப்பவர்களுக்கு இந்த விபத்து அதிகம். திருகின் பலம் எதிர்ப்பை மறைத்துவிடும். பஞ்ச்சில் அடித்தால் கைக்கே தெரியும். சில புதுவகைப் பிஸ்டல்களில் ரியர் சைட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் இருக்கும். சைட் நகர்ந்ததும் துள்ளி அலமாரிக்கு அடியில் போய்விடும். கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டே தள்ளுங்கள்.

கூரான பென்சிலால் சைட்டுக்கும் ஸ்லைடுக்கும் சேர்த்து ஒரு கோடு. வெர்னியர் அளவுகோலில் ஸ்லைடின் இட விளிம்பிலிருந்து சைட் வரை, வல விளிம்பிலிருந்து சைட் வரை, இரண்டையும் தாளில் குறியுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாகக் கழற்றுவது, வலமிருந்து இடமாக ஏற்றுவது என்பது பொது வழக்கம்.

பஞ்ச் சைட்டின் அடிவாரத்தில் தொட வேண்டும். மேல்காதில் வைத்து அடித்தால் சைட் சாய்ந்து காடிக்குள் முறுக்கிக்கொள்ளும். நான்கு நல்ல அடிக்கும் நகரவில்லையென்றால் ஐந்தாவது அடி வேண்டாம். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுவதும் ஊற விடுங்கள். யாரோ சிவப்பு லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டிருந்தால் எண்ணெய் உதவாது. அது இளக 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். திருகானால் சால்டரிங் அயர்னின் நுனியைத் தலையில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும். டிரிட்டியம், பிளாஸ்டிக் சைட் என்றால் சூடு கூடாது.

எவ்வளவு நகர்த்துவது? சைட் நகர்வை சைட் ரேடியஸால் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால் குண்டின் நகர்வு. சிறிய .32 ஒன்றின் சைட் ரேடியஸ் 110 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் 0.1 மி.மீ.க்குக் குண்டு 22.7 மி.மீ. போகும். 220 மி.மீ. ரேடியஸ் உள்ள .22 ஸ்போர்ட் பிஸ்டலில் அதே நகர்வுக்குப் பாதிதான், 11.4. குண்டு 7 செ.மீ. இடப்பக்கம் போகிறதென்றால் அந்தச் சிறிய பிஸ்டலில் ரியர் சைட்டை வலப்பக்கம் நகர்த்த வேண்டியது 0.3 மி.மீ.; நான்கைந்து ஏ4 தாளின் தடிமன்கூட இல்லை. இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதால்தான் வெர்னியர் என்கிறோம். குண்டு போக வேண்டிய திசைக்கே ரியர் சைட் போகும். ஃப்ரன்ட் சைட் எதிர்த்திசைக்கு. ஐந்து ஐந்தாக மூன்று கூட்டம் சுட்டுப் பார்க்காமல் சுத்தியலைத் தொட வேண்டாம். ஒரே கூட்டத்தை நம்பி நகர்த்தினால் டிரிகர் பிழையைத்தான் சைட்டில் ஏற்றிவைப்பீர்கள். சேம்பரில் வைக்கும் லேசர் தோட்டாவைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். இலக்கில் படுகிறதா என்று பார்க்க மட்டும் ஆகும், விட்டுவிடலாம்.

புது சைட் கையால் தள்ளினால் காடியில் மூன்றில் ஒரு பங்கு போய் நிற்க வேண்டும். அதுவும் போகவில்லையென்றால் கண்ணாடிப் பலகையில் 400 நம்பர் எமரி தாளை விரித்து சைட்டின் அடியைத் தேயுங்கள். பத்து இழுப்புக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள். சரிவைத் தொட வேண்டி வந்தால் முக்கோண அரம், ஒரு முகம் மழமழவென்று பல் நீக்கியது. மூன்று முகத்திலும் பல் உள்ள சாதா அரம் சரிவைத் தீட்டும்போதே அடியையும் தின்றுவிடும். எப்போதும் சைட்டைத்தான் ராவ வேண்டும், ஸ்லைடை அல்ல. சைட் முப்பது நாற்பது ரூபாய்ச் சமாச்சாரம் இல்லைதான், ஆனாலும் இன்னொன்று வாங்கிவிடலாம்.

லூஸாக இருந்தால் காடிக்குள் புள்ளி பஞ்ச்சால் குத்தி மேடு எழுப்புவது பழைய பட்டறை வழக்கம். கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு மேடு தேய்ந்து மறுபடி ஆடும். 0.05 மி.மீ. பித்தளைத் தகடு ஒரு துண்டை அடியில் வைத்து ஏற்றுவது மேல்.

லாக்டைட்டில் நிறம் பார்த்து வாங்குங்கள். சின்னத் திருகுக்கு ஊதா 222. நடுத்தரப் பிடிக்கு நீலம் 243, கைக்கருவியால் கழற்றலாம். சிவப்பு 271-ஐ சைட் வேலைக்கு வாங்கவே வேண்டாம். அசிட்டோனால் மரையைத் துடைத்து, ஊசி முனையளவு ஒரு சொட்டு, 24 மணி நேரம். நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டிய கிளிக் திருகுகளில் ஒரு போதும் போடாதீர்கள்.

வாளையாறு தாண்டும் முன்

பஞ்ச் செய்ய லேத் பட்டறைக்குப் போகும்போது பிஸ்டலையோ ஸ்லைடையோ எடுத்துப் போகக் கூடாது. 1959 படைக்கலச் சட்டத்தில் ‘படைக்கலம்’ என்ற சொல்லுக்குள் உதிரிப் பாகங்களும் அடக்கம்; அதன் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் அவரிடம் அது இருக்காது. லைசென்ஸ் எல்லை கேரளத்துக்குள் மட்டும் என்று இருந்தால், அந்த .32-ஐ காரில் வைத்துச் செக்போஸ்ட் தாண்டுவதே குற்றம். லைசென்ஸ் புத்தகத்தில் எந்த எல்லை எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 4.5 மி.மீ. (.177) போர், 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு 2016 விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை, அதற்கும் பில்லைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது.

பட்டறைக்கு ஒரு தாள் போதும். வெர்னியரில் எடுத்த சைட்டின் அடி அகலம், உயரம், ஸ்லைடின் மேல்வளைவுக்கு அட்டையில் வெட்டிய அச்சு. பலாக் கட்டையைக் குடைகிற ஆசாரிக்கும் அதே அட்டைதான்.